தேவாரத் தாளில் தமிழ் எழுத்து இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலண்டனில் உள்ள நம் கோவில்கள் சிலவற்றில், பூசையின்போது பஞ்சபுராணம் எனப்படும் தேவாரம் முதலான ஐந்து திருமுறைப் பாடல்களை ஓத வரும் பிள்ளைகளிடம் கொடுக்கப்படும் தாள்கள் அண்மைக் காலமாக முழுவதும் ஆங்கில எழுத்தில் அச்சாகி வருகின்றன. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் கூச்சமின்றிச் சந்நிதிக்கு முன்னால் வந்து நின்று பாட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் நிர்வாகத்தினர் இதைச் செய்கின்றனர். பெற்றோர் பலரும் இதைக் கேட்டு வாங்குகின்றனர் என்பதையும் அறிவேன். ஆயினும், இந்த நாட்டில் வளரும் பிள்ளை ஒன்று, யாரும் வற்புறுத்தாமல், தனக்கு வேண்டும் என்ற எண்ணத்தோடு தமிழ் எழுத்தை உற்றுப் பார்க்கும் இடங்கள் மிகச் சிலவே. கோவிலில் கையில் பிடிக்கும் அந்தத் தாள் அவற்றுள் ஒன்று. அதிலிருந்து தமிழ் எழுத்தை அகற்றுவது, பிள்ளையின் சுமையைக் குறைப்பதாக எண்ணிக்கொண்டு அதன் வாசிப்பு வழியையே அடைப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்து, இங்கு வந்தபின் வார இறுதித் தமிழ் வகுப்புகளில் கற்பித்து வருபவள். இலங்கையில் படித்த எங்கள் தலைமுறைக்குச் சமயம் பாடசாலையிலேயே ஒரு பாடம். பரீட்சைக்கும் உரிய பாடம். தேவாரமும் நாயன்மார் சரித்திரமும் தமிழ்ப் புத்தகத்தின் அடுத்த பக்கம் போலவே எங்கள் முன் இருந்தன. எங்கே தமிழ் முடிந்து சமயம் தொடங்குகிறது என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததில்லை. இங்கே நிலைமை வேறு. இந்நாட்டுப் பாடசாலைகளிலும் சமயக் கல்வி உண்டு. ஆனால் அங்கே எல்லாச் சமயங்களைப் பற்றியும் ஆங்கிலத்தில் அறிந்துகொள்கிறார்கள், ஒரு சமயத்தின் பாட்டைப் பாடுவதில்லை. ஆகவே பாட்டு கோவிலுக்கும் வீட்டுச் சாமியறைக்கும் வந்து சேர்ந்தது. 1983க்குப் பின் பெருந்தொகையாக வந்த நம்மவர்கள் பழைய தேவாலய மண்டபங்களையும் களஞ்சியங்களையும் வாங்கிக் கோவிலாக்கியபோது, தாம் பள்ளிக்கூடமும் கட்டுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் குறித்தனர். அவர்களின் பிள்ளைகளில் கணிசமானோர் முதன்முதலில் முழு வரியாக வாசித்த தமிழ், ஒரு தேவார வரியாகத்தான் இருக்கும் என்று என் வகுப்பு அனுபவத்தைக் கொண்டு துணிந்து சொல்வேன்.

அது எப்படி நடக்கிறது என்பதை எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். சம்பந்தரின் முதற்பதிகத்து முதற்பாட்டைப் பிள்ளைகள் எழுத்துத் தெரியும் முன்பே காதால் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். அந்தப் பாட்டின் நான்கு அடிகளும் ‘தோடுடைய’, ‘காடுடைய’, ‘ஏடுடைய’, ‘பீடுடைய’ என்றே தொடங்குகின்றன. பாட்டு ஏற்கெனவே வாயில் இருக்கிறது. இப்போது அந்த நான்கு தொடக்கங்களையும் பெரிய எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினால், பின்னால் வரும் எழுத்துகள் நான்கிலும் ஒன்றாகவே இருப்பதையும் முதலெழுத்து மட்டும் மாறுவதையும் பிள்ளை தானே கண்டுபிடிக்கிறது. ‘தோ’வில் இருபுறமும் குறி இருக்கிறது, ‘கா’வில் பக்கத்தில் ஒரு கால் மட்டும் இருக்கிறது, ‘பீ’யில் மேலே சுழி இருக்கிறது, ‘ஏ’யில் எந்தக் குறியும் இல்லை, அது தனி உயிர். உயிர்மெய் வரிசையைக் கரும்பலகையில் எழுதி நாள்கணக்கில் ஒப்பிக்கச் செய்தும் மனத்தில் பதியாத இந்த வேறுபாடு, அந்த நான்கு அடிகளில் சிறு பொழுதிலேயே பதிந்துவிடுகிறது. காரணம் எளிது. என்ன ஒலி வரப்போகிறது என்பது பிள்ளைக்கு முன்பே தெரியும். அந்த ஒலிக்கு எந்த வடிவம் என்பதை மட்டும் அது தேட வேண்டியிருக்கிறது. தெரியாத எழுத்தைக் கொண்டு தெரியாத சொல்லை எட்டச் சொல்லும் பாடநூல்களில் இந்த வசதி இல்லை.

சுந்தரரின் ‘பித்தா பிறைசூடி’யும் அப்படியே. ‘பித்தா’, ‘எத்தான்’, ‘வைத்தாய்’, ‘அத்தா’ என்று நான்கு அடிகளிலும் புள்ளி வைத்த தகரமும் காலோடு கூடிய தகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளி என்ன வேலை செய்கிறது என்பதை விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை. முதலடியில் ‘அருளாளா’ என்று ஒரே எழுத்து இருமுறை வருவதைச் சுட்டு விரலால் தொட்டுக் காட்டுவதில் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி. சிவபுராணம் 95 அடி கொண்டது. அதைக் கண்டு பெற்றோரே மலைக்கிறார்கள். ஆனால் அதன் முதல் ஐந்து அடிகள் ‘வாழ்க’ என்றும் அடுத்த ஐந்து அடிகள் ‘வெல்க’ என்றும் முடிகின்றன. ழகரமும் லகரமும் ககரத்தின் முன் நிற்கும் இந்தப் பத்து அடிகளை ஓதிய பிள்ளைக்கு, அவ்விரண்டு ஒலிகளின் வேறுபாடும் அவற்றின் வடிவ வேறுபாடும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. எதுகையையும் இயைபையும் நம் முன்னோர் செவியின்பத்துக்காகவும் நினைவில் நிற்பதற்காகவும் வைத்தனர். எழுதப் படிக்கக் கற்பிப்பதற்கும் அவை இவ்வளவு உதவும் என்பதை, தமிழ் காதில் அதிகம் விழாத ஊரில் கற்பிக்கும் நிலை வந்தபோதுதான் முழுமையாக உணர முடிகிறது.

பாட்டோடு இன்னொன்றும் சேர்கிறது. ஓதுவதற்கு ஒரு நாள் இருக்கிறது, கேட்பதற்கு ஒரு கூட்டம் இருக்கிறது. தமிழ் வகுப்பில் ஒரு பத்தியை வாசித்தால் கேட்பவர் ஆசிரியர் ஒருவர்தான். அவரும் பிழை பிடிப்பதற்காகக் கேட்பவர். சந்நிதியில் ‘திருச்சிற்றம்பலம்’ என்று தொடங்கும்போது அம்மம்மாவும் மாமியும் அயலவரும் கைகூப்பி நிற்கிறார்கள். அந்த மதிப்பு சிறு பிள்ளைக்கும் புரிகிறது. வீட்டில் மூத்த சகோதரிகள் தங்கைமாருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சில வீடுகளில் தம்பி குருக்களாகவும் அக்கா ஓதுபவராகவும் நின்று பூசை விளையாட்டே நடக்கிறது. கோவிலின் சுவர்களும் சும்மா இருப்பதில்லை. அர்ச்சனைக் கட்டணப் பலகை, நட்சத்திரப் பெயர்களின் பட்டியல், திருவிழா உபயகாரர் விவரம் ஆகியவற்றைப் பிள்ளைகள் தாமாகவே எழுத்துக் கூட்டி வாசிப்பதை யாரும் கவனிக்கலாம். உபயகாரர் பட்டியலில் தன் தகப்பனார் பெயரைக் கண்டுபிடிக்க முயலும் பிள்ளைக்கு ‘வாசி’ என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இது நமக்கு மட்டுமே உரிய அனுபவம் என்று நினைத்துவிடக் கூடாது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் பேராசிரியர் ஈவ் கிரெகரி தலைமையில் 2009இல் தொடங்கிய ஓர் ஆய்வு, இந்நகரின் நான்கு சமூகங்களில் பிள்ளைகள் தம் சமயத்தின் வழியே எழுத்தறிவு பெறும் விதத்தைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வங்காளதேச முஸ்லிம்கள், கானா நாட்டுப் பெந்தகோஸ்தே கிறிஸ்தவர்கள், போலந்துக் கத்தோலிக்கர் ஆகியோரோடு தமிழ் இந்துக்களும் அதில் இடம்பெற்றனர். அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களே கோவிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் வீடுகளிலும் இருந்து பார்த்து எழுதினர். இந்தப் பிள்ளைகள் பல மொழிகளையும் பல எழுத்துகளையும் பழைய ஓதல் முறையையும் இந்நாட்டுப் பாடசாலையில் கற்ற முறையையும் ஒன்றோடொன்று கலந்து, தமக்கென ஒரு வாசிப்பை அமைத்துக்கொள்கின்றனர் என்பது அந்த ஆய்வு வெளிக்கொணர்ந்த உண்மைகளுள் முக்கியமானது. பாடசாலை ஆசிரியர்களுக்கு இந்த உலகம் பெரும்பாலும் தெரிவதே இல்லை என்பதும் அவ்வாறே. நம்மில் எத்தனை பேர் இதை அறிந்து வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை. நம் கோவில் மலர்களில் இதைப் பற்றி ஒரு பக்கமாவது வந்திருக்க வேண்டும்.

கிழக்கு இலண்டனில் ஒரு வங்காளதேசப் பிள்ளையின் மாலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். வீட்டில் சில்ஹெட்டி பேசுகிறது. பாடசாலையில் ஆங்கிலம் படித்துவிட்டுப் பள்ளிவாசலுக்குச் சென்று, அரபு எழுத்துகளைத் தனித்தனியாகவும் பின்னர் கூட்டெழுத்தாகவும் காட்டும் ‘காயிதா’ என்னும் சிறு நூலைக் கையில் எடுக்கிறது. அதை முடித்த பின்பே குர்ஆனைத் தொடுகிறது. சில வீடுகளில் வங்க எழுத்தும் இதனோடு சேர்கிறது. பொருள் உடனே புரியாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆயினும் குர்ஆனை அரபு எழுத்தில் வாசிக்கக் கற்பதை அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. யூதப் பிள்ளைகள் 13 வயதில் சபை முன் நின்று, உயிர்க்குறிகள் இல்லாத தோரா என்னும் மறைச் சுருளிலிருந்து எபிரேயத்தை வாசிக்கின்றனர். அதற்கு முன் மாதக்கணக்கில் குறியிட்ட அச்சுப்பிரதியை வைத்துப் பழகுகின்றனர். சீக்கியரின் குருத்வாராக்களில் அவர்களின் மறை எழுதப்பட்ட குருமுகி எழுத்தைக் கற்பிப்பது நெடுங்கால வழக்கம். பல இடங்களில் பாடல் வரி பெரிய திரையில் குருமுகியில் தோன்ற, அதன் ஆங்கிலப் பொருள் கீழே தோன்றுகிறது. கிழக்கு இலண்டனின் பிரிக் லேன் தெருவில் ஒரே கட்டடம் 1743இல் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்து அகதிகளின் தேவாலயமாகத் தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யூதர் தொழுகைக் கூடமாகி, 1976இல் பள்ளிவாசலானது. அந்தச் சுவர்களுக்குள் மாறி மாறி வந்த அகதிகளும் குடியேறிகளும் பிரெஞ்சிலும் எபிரேயத்திலும் அரபிலும் தம் மறையை ஓதியிருக்கின்றனர். இங்கு வந்து சேர்ந்தோர் எல்லோரும் தங்கள் மறையோடு அதன் எழுத்தையும் கொண்டுவந்தவர்களே.

ஆங்கிலேயருக்கும் இது புதிதன்று. தொடக்கக் கல்வியைப் பரவலாக்கிய 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பே, 1780இல் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பாடசாலையில், வாரம் முழுவதும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகள் விவிலியத்தைக் கொண்டே வாசிக்கக் கற்றனர். யாழ்ப்பாணத்துக்கு மிசனரிமார் கொண்டுவந்ததும் அந்த முறைதான். அவர்களின் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர், அதன் வலிமையை உள்ளிருந்தே கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபின் அவர் பிள்ளைகளின் கையில் கொடுத்தவை பாலபாடமும் சைவ வினாவிடையும். பாட்டை மட்டும் கற்பித்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிறுவர் வாசிக்கத்தக்க தெளிந்த வசனநடையையும் பாட்டுக்கு அருகில் வைத்தார். இன்று நம் கோவில் வகுப்புகள் நாவலர் படத்துக்கு மாலை சூட்டுகின்றன. அவர் வைத்த வசனத்தை மட்டும் மறந்துவிட்டன. இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன்.

ஏனெனில் என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் ஒன்றில் உண்மை இருக்கிறது. மனனம் செய்வது வாசிப்பு ஆகாது. பதினொரு பாட்டுப் பதிகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கும் பிள்ளை உங்கள் நாளிதழின் ஒரு செய்தியை வாசிக்கத் தடுமாறுகிறது என்பார்கள். நானும் அத்தகைய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஆபிரிக்காவில் லைபீரிய நாட்டின் வை இன மக்களிடையே சில்வியா ஸ்கிரிப்னர், மைக்கேல் கோல் என்ற இரு உளவியலாளர்கள் செய்து 1981இல் நூலாக வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் பயனுள்ளது. அம்மக்களிடம் மூன்று எழுத்தறிவுகள் உண்டு: பாடசாலையில் ஆங்கிலம், குர்ஆன் வகுப்பில் அரபு, வீட்டிலும் வணிகத்திலும் கடிதப் போக்குவரத்துக்குத் தாமே உருவாக்கிக்கொண்ட வை எழுத்து. குர்ஆன் ஓதிப் பழகியவர்கள், ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிக்கொண்டே போகும் பட்டியலை வரிசை மாறாமல் நினைவில் கொள்வதில் சிறந்து நின்றனர். வை எழுத்தில் கடிதம் எழுதிப் பழகியவர்கள், எதிரில் இல்லாத ஒருவருக்கு ஒரு விளையாட்டின் விதிகளை விளக்குவதில் சிறந்து நின்றனர். எழுத்தறிவு என்ற ஒன்று வந்துவிட்டால் எல்லா ஆற்றலும் தானே வந்துவிடும் என்பதற்கு அவர்கள் சான்று காணவில்லை. எதைச் செய்து பழகுகிறோமோ அதில்தான் தேர்ச்சி பிறக்கிறது.

ஆகவே தேவாரம் பிள்ளைக்கு நினைவாற்றலைத் தரும், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைத் தரும், நாலு பேர் முன் வாய்திறக்கும் துணிவைத் தரும். இன்றைய உரைநடையை அது தராது. கடிதம் எழுதவும் கற்பிக்காது. அதற்கு வேறு பயிற்சி வேண்டும், அதையும் அதே கோவிலில் கொடுக்கலாம். சீர்காழிக் குளக்கரையில் பசித்து அழுத பிள்ளைக்கு அம்மை பால் கொடுத்த கதையைப் பத்து எளிய வாக்கியங்களில் எழுதி, ‘தோடுடைய’ பாட்டுக்கு அடுத்த பக்கத்தில் வைத்தால், பாட்டை ஓதிய பிள்ளை அந்தக் கதையை வாசித்தே தீரும். இவ்விடத்தில் கத்தோலிக்கத் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை நம்முடையதைவிட மேலானது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்த் திருப்பலியில் பிள்ளைகள் எழுந்து வாசிக்கும் வாசகங்கள் பெரும்பாலும் உரைநடை. ஒவ்வொரு ஞாயிறும் வேறு பகுதி. மனனத்தை நம்பி அங்கே நிற்க முடியாது. நம்மவர் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

இனி ஆங்கில எழுத்தில் அச்சிடும் விடயத்துக்கு வருகிறேன். நம் தாள்களில் ந, ன, ண மூன்றும் ஒரே எழுத்தாகின்றன. லகரமும் ளகரமும் ஒன்றாகின்றன. ரகரமும் றகரமும் ஒன்றாகின்றன. குறிலும் நெடிலும் அச்சிடுபவரின் விருப்பப்படி ஒருமுறை ஒன்றாகவும் ஒருமுறை வேறாகவும் வருகின்றன. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் இட்ட முறையில் இந்தக் குறை இல்லை. ஆனால் அதைப் பிள்ளைகளுக்கான தாளில் எவரும் அச்சிடுவதில்லை, அச்சிட்டாலும் அதைப் படிக்கக் கற்பதைவிடத் தமிழைக் கற்பது எளிது. இதன் விளைவு உச்சரிப்போடு நிற்பதில்லை. ஆங்கில எழுத்தைக் கண்டவுடன் பிள்ளையின் நாக்கு ஆங்கில ஒலிக்குத் திரும்புகிறது. காதால் சரியாகக் கற்றிருந்த பாட்டையும் தாள் கெடுத்துவிடுகிறது. தாள் இல்லாமல் பாடும்போது ழகரம் திருத்தமாக வரும் பிள்ளைகள், தாளைப் பார்த்துப் பாடும்போது அதைத் தவறவிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

வேற்று எழுத்தில் தமிழை எழுதவே முடியாது என்று நான் சொல்லவில்லை. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதி, அரபுத்தமிழ் என்ற பெயரில் ஒரு பெரிய இலக்கியத்தையே வளர்த்தனர். ஆனால் அவர்கள் அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென்று புதிய குறிகளை அமைத்துக்கொண்டனர். சமய நூலை வாசிப்பதற்காகவே தம் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தை முறையாகக் கற்பித்தனர். அது எழுத்தறிவை வளர்த்த முயற்சி. நம் தாள்களோ எழுத்தறிவு இல்லாத குறையை மறைக்கும் ஏற்பாடு.

இதன் முடிவு எங்கே என்பதை அறியத் தொலைநோக்குத் தேவையில்லை. மொரிசியசில் தைப்பூசக் காவடி நாட்டின் பொது விடுமுறை. கோவில்கள் சிறப்பாக நடக்கின்றன. ஆனால் வீட்டில் தமிழ் பேசுவோர் மிக அருகிவிட்டனர், பக்தர் பலர் தமிழ்ப் பாடலை ஆங்கில எழுத்தில் வைத்தே பாடுகின்றனர். 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழிவந்த தென்னாபிரிக்கத் தமிழரிடையேயும் இதே நிலைதான். அவர்களை நான் குறைகூறவில்லை. ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்டு, அத்தனை தலைமுறை கடந்தும் காவடியை விடாதிருக்கிறார்களே, அதுவே பெரிது. நமக்கு அத்தகைய நெருக்கடி எதுவும் இல்லை. மொரிசியசில் அரசு பாடசாலைகளிலேயே தமிழ் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆகவே கோவிலில் எழுத்து இல்லாவிட்டாலும் அதைக் கற்க வேறோர் இடம் இருக்கிறது. பிரித்தானியாவில் அந்த இடத்தை நாமே வார இறுதி வகுப்புகளாக நடத்த வேண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். கோவிலையே எழுத்தறிவுக்கு வழியாக்கினால், சமய நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வேறு சமயத்துப் பிள்ளைகளும் என்ன செய்வது? அவர்களுக்காகத்தான் சமயச் சார்பற்ற தமிழ்ப் பாடசாலைகள் வேண்டும். அங்கே ஆத்திசூடியும் குறளும் நல்ல சிறுவர் கதைகளும் இருக்கட்டும், தேவாரத்தைத் திணிக்க வேண்டாம். கோவிலுக்கு எப்படியும் வந்து நிற்கும் பிள்ளையைப் பற்றி மட்டுமே நான் பேசுகிறேன். அந்தப் பிள்ளை ஏற்கெனவே பாடுகிறது. அதன் கையில் எதைக் கொடுப்பது என்பதே கேள்வி.

கோவில் நிர்வாகத்தினருக்கும் வகுப்புகளை நடத்துவோருக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். தாளில் தமிழ் எழுத்து முதலிலும் பெரிதாகவும் இருக்கட்டும். பெரியவர்களுக்கான பழைய பதிப்புகளைப் படியெடுத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். அவற்றில் எழுத்துகள் பொடியாக இருப்பதோடு, ‘ணை’, ‘லை’, ‘றா’ போன்றவை 1978ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவில் இருக்கின்றன. வகுப்பில் ஒரு வடிவத்தையும் கோவிலில் இன்னொரு வடிவத்தையும் காணும் பிள்ளை குழம்புகிறது. சொற்களைப் பிரித்து அச்சிடுங்கள்: ‘விடையேறியோர்’ என்று ஒட்டி நிற்பதை ‘விடை ஏறி ஓர்’ என்று காட்டினால் வாசிப்பும் எளிதாகும், பொருளும் ஓரளவு தானே துலங்கும். பாடும்போது சேர்த்துப் பாடட்டும், பண் கெடாது. ஆங்கிலத்தில் எழுத வேண்டியது பொருளைத்தான், ஒலியை அல்ல. பிறை, விடை, சுடலை, பொடி என்பவை என்னவென்று இங்கு பிறந்த பிள்ளைக்குத் தெரியவேண்டும் அல்லவா? தமிழ் எழுத்து இன்னும் தெரியாத பிள்ளைக்காக ஆங்கில எழுத்துத் தாள் சில பிரதிகள் இருந்துவிட்டுப் போகட்டும்; ஆனால் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள், எல்லோர் கையிலும் முதலில் அதைத் திணிக்காதீர்கள். ஒலிவடிவம் வேண்டுமென்றால் கைபேசியில் கேட்கத் தக்கதாகப் பதிவு செய்து கொடுக்கலாம். தேவாரம் இத்தனை நூற்றாண்டுகளும் ஓதுவார் வாயிலிருந்து காதுவழியாகத்தான் வந்தது.

போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நவராத்திரி காலத்தில் நடக்கும் திருமுறை ஓதும் போட்டிகளில் மனனமும் குரலும் மட்டுமே மதிப்பிடப்படுகின்றன. வென்ற பிள்ளைக்குத் தன் உயரத்துக்கு ஒரு கேடயம் கிடைக்கிறது. முன்பின் பாராத ஒரு பாட்டைத் தாளில் கொடுத்து வாசிக்கச் செய்யும் சுற்று ஒன்றையும் சேர்த்தால் என்ன? அதற்குப் புள்ளிகளில் பாதியைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டே பெற்றோர் தமிழ் வகுப்பைத் தேடி வருவார்கள். விசயதசமியன்று ஏடு தொடக்கி அரிசியில் அகரம் எழுதுவிக்கும் கோவில், அந்தப் பிள்ளை அடுத்து என்ன எழுதப்போகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஏடு தொடக்கிய பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அருகில் உள்ள தமிழ் வகுப்பின் விவரத்தைப் பெற்றோரிடம் பிரசாதத்தோடு கொடுப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

தமிழ்ப் பாடசாலைகளின் பக்கமும் குறை உண்டு. கோவிலில் பிள்ளை எதை ஓதுகிறது என்று விசாரிக்கும் தமிழ் ஆசிரியர்கள் குறைவு. அந்தப் பாட்டை வகுப்புக்குக் கொண்டுவரச் செய்து அதிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டுவதற்குச் சமய நம்பிக்கை தேவையில்லை. ஆசிரியத் திறன் போதும். ஊரில் உள்ள தாத்தாவுக்கோ அம்மம்மாவுக்கோ, தான் கோவிலில் எந்தப் பாட்டு ஓதினேன், யார் யார் வந்திருந்தார்கள் என்று ஐந்து வரி எழுதச் சொன்னால், தேவாரம் தராத உரைநடைப் பயிற்சியும் அங்கே தொடங்கிவிடும்.

இவ்வாண்டு நவராத்திரித் தாள்கள் இன்னும் அச்சுக்குப் போயிருக்க மாட்டா என்று நம்புகிறேன். மேலே சொன்னபடி பெரிய எழுத்தில், சொற்பிரித்து, எதிர்ப்பக்கத்தில் எளிய கதையும் ஆங்கிலப் பொருளும் கொண்ட பஞ்சபுராணத் தாள் ஒன்றை நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து தயாரித்து வைத்திருக்கிறோம். எந்தக் கோவிலும் தன் பெயரிட்டு அச்சிட்டுக்கொள்ளலாம். எங்களுக்குப் பணமோ நன்றியுரையோ வேண்டாம். தங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்போருக்கு அதன் பிரதியை அனுப்பிவைக்கத் தாங்கள் இசைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வார இறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியை ஒருவர்,
கிழக்கு இலண்டன்